‘சிஸ்டம் அப்படித்தான் காட்டுது’ என்று திருப்பி அனுப்பினால்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டோ கொப்பி, ரீலோட், விண்ணப்பம் நிரப்புவது. இலங்கையின் தேயிலை மலைநாட்டில், ஹட்டன் டவுனில் எங்கள் கொமினிகேஷன் கடையில் நடக்கும் வேலை இவ்வளவுதான். ஆனால் கொஞ்ச காலமாக, விண்ணப்பம் நிரப்ப வருகிறவர்களைவிட, நிரப்பிக் கொடுத்தது ஏன் தள்ளுபடியானது என்று கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். கொழுந்து மலையிலிருந்து நேரே இறங்கி வரும் அக்காமார், லீசிங் கிடைக்காத த்ரீவீல் தம்பிமார், கெம்பஸ் பட்டியலில் பேர் வராத பிள்ளையின் அப்பா. எல்லாருக்கும் எங்கோ ஒரு கவுன்டரில் கிடைத்த பதில் ஒன்றுதான்: “சிஸ்டத்துல வரல.”

சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கேட்கப்படும் கேள்விகளை எழுதி வைக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. கடிதம் எழுதிக் கொடுப்பவன். வழக்கு வரை போகிற விஷயம் என்றால் சட்டத்தரணியிடம்தான் போக வேண்டும்.

கம்பியூட்டர் எடுத்த முடிவை எதிர்த்துக் கேட்க முடியுமா? அது மெஷின்தானே?

முடியும். மெஷின் தானாக எதையும் முடிவு செய்வதில்லை. உங்களைப் பற்றி யாரோ ஒருவர் எதையோ பதிந்திருக்கிறார். பதிந்ததை எப்படிக் கூட்டிக் கழிப்பது என்று வேறு யாரோ விதி எழுதியிருக்கிறார். வந்த விடையை ஒரு அலுவலர் கையெழுத்துப் போட்டு உங்களிடம் தருகிறார். பதிந்தது பிழையாக இருக்கலாம், விதி பிழையாக இருக்கலாம், இரண்டும் சரியாக இருந்து ஆள் மாறியிருக்கலாம். என் மேசைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை முதல் வகை. அதனால் யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது “உங்களைப் பத்தி அங்க என்ன எழுதியிருக்கு?” என்றுதான். ஏன் கிடைக்கவில்லை என்பது அதற்குப் பிறகு.

“என்ன எழுதியிருக்கு” என்று தெரிந்தால் என்ன மாறும்?

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அங்கே கொழுந்து நிறுப்பதற்கு எலக்ட்ரோனிக் தராசு வந்து, கணக்கு போனில் ஏறும் முறை வந்தது. வேலைக் கணக்குப் பதியும் செக்ரோல் புத்தகத்தில் பென்சிலால் எழுதிய காலம் போய்விட்டது. எங்களுக்குத் தெரிந்த அக்கா ஒருவருக்கு ஒரே மாதத்தில் நான்கு நாள் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்தது. கங்காணியைக் கேட்டால் “போன்ல அப்பிடித்தான் காட்டுது.” ஆபீசில் கேட்டால் அதே பதில், கொஞ்சம் சத்தமாக.

அந்த அக்கா ஒரு வேலை செய்திருந்தார். காலை, பகல், பின்னேரம் என்று மூன்று நிறுவையையும் தராசின் கண்ணாடியில் பார்த்து, வீட்டுக்கு வந்ததும் பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார். அரைப்பேர் விழுந்த ஒரு நாளை எடுத்துப் பார்த்தோம். 6.8, 5.9, 6.4. கூட்டினால் 19.1 கிலோ. அன்றைய நோம், அதாவது முழுநாள் சம்பளத்துக்குப் பறிக்க வேண்டிய அளவு, 18. முழுப்பேர் விழுந்திருக்க வேண்டும். சம்பளச் சீட்டிலோ அந்த நாளுக்கு 17 என்று இருந்தது. இரண்டு கிலோ எங்கே போனது என்று கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஒவ்வொரு நிறுவையிலும் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை மெஷின் வெட்டிவிடுகிறது. 6, 5, 6. ஆக 17.

யாரும் திருடவில்லை. தராசில் பிழை இல்லை. கணக்கு முறையை எழுதிய ஆளுக்கு அது ஒரு சின்ன விதி, மலையில் நிற்கிற ஆளுக்கு அரைநாள் சம்பளம். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரையும் கூட்டிக்கொண்டு, அந்தக் கலண்டர் தாளோடு ஆபீசுக்குப் போனார்கள். நிறுவைக்கு நிறுவை வெட்டாமல், நாள் முடிவில் மொத்தத்தை ஒருமுறை கணக்கெடுங்கள் என்பதுதான் கோரிக்கை. அடுத்த மாதத்திலிருந்து அப்படியே மாற்றினார்கள். முந்திய நான்கு நாளுக்கும் காசு வர இன்னும் இரண்டு மாதம் போனது என்பது வேறு கதை.

“அநியாயம் பண்றாங்க” என்று போயிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள். “6.8ஐ ஏன் 6 ஆக்கினீங்க?” என்று கேட்டதும் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

இலங்கையில் இதற்கென்று சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். நிறைவேறியபடி அதன் 18 ஆம் பிரிவு, மனிதக் கை படாமல் முழுக்கத் தன்னியக்கமாக எடுக்கப்பட்ட முடிவை மீளாய்வு செய்யும்படி கேட்க உங்களுக்கு உரிமை தருகிறது. கேட்டால், 2022 இல் நிறைவேறியபடி, 21 வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால் தரவுப் பாதுகாப்பு அதிகார சபைக்கு மேன்முறையீடு செய்யலாம்.

இதைக் கேட்டதும் சந்தோஷப்பட்டு எழும்பிப் போய்விடாதீர்கள். அந்தப் பிரிவின் வாசல் குறுகல். முடிவு ‘முழுக்க’ தன்னியக்கமாக இருக்க வேண்டும். உங்கள் உரிமைகளில் அது மீளமுடியாத, தொடர்ச்சியான தாக்கத்தை உண்டாக்க வேண்டும். வேறொரு எழுத்துச் சட்டம் அனுமதித்த முடிவு, நீங்கள் சம்மதம் கொடுத்த முடிவு, ஒப்பந்தம் ஒன்றுக்குத் தேவையான முடிவு ஆகியவற்றுக்கு விதிவிலக்கும் உண்டு. லீசிங் விண்ணப்பத்தில் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்குமே, “எனது தகவல்களைப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்” என்று, அதில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அதைக் காட்டித்தான் முதலில் மறுப்பார்கள்.

இன்னொரு சிக்கல், சட்டம் முழுவதும் ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை. அதிகார சபை 2023 இல் அமைந்தது. மக்களுக்கான உரிமைகள் அடங்கிய பகுதி 2025 மார்ச் 18 இல் தொடங்குவதாக இருந்து தள்ளிவைக்கப்பட்டது. அதனால் இந்தச் சட்டத்தை மட்டும் நம்பிக் கடிதம் எழுதுவதை நான் விரும்புவதில்லை. கடிதத்தில் ஒரு வரியாக அது இருக்கட்டும். வேலைக்கு ஆகிற ஆயுதம் வேறு.

எந்த ஆயுதம்?

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம். ரோட்டுக்கு எவ்வளவு செலவானது என்று கேட்கத்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். உங்களைப் பற்றி அரசாங்கம் வைத்திருக்கும் பதிவைக் கேட்கவும் இதுதான் வழி.

இதில் அதிகம் பேர் பார்க்காத ஒரு பிரிவு இருக்கிறது: 35 ஆம் பிரிவு. ஒரு முடிவால் பாதிக்கப்பட்டவர் கேட்டால், அந்த முடிவை எடுத்த அரச அலுவலர் காரணத்தைச் சொல்ல வேண்டும். இந்தப் பிரிவை நான் கிட்டத்தட்ட மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். ‘சிஸ்டம்’ என்பது அலுவலர் அல்ல. அதற்குப் பதவியும் இல்லை, கையெழுத்தும் இல்லை. ஆகவே உங்கள் கையில் உள்ள கடிதத்தின் அடியில் யாருடைய கையெழுத்து இருக்கிறதோ, அவரிடம்தான் காரணம் கேட்க வேண்டும்.

முறை இப்படி. ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் ஒரு தகவல் அலுவலர் இருப்பார். அவருக்கு எழுதுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம், எழுதிக்கொள்வது அவருடைய கடமை. கொடுத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அல்லது மௌனமாக இருந்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

அம்மாவுக்காக மகன் கேட்கிறான் என்றால் அம்மா கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தை இணைக்க வேண்டும். இல்லையென்றால் “மற்றவருடைய தனிப்பட்ட விவரம்” என்று சொல்லி மறுக்க இடம் கொடுக்கிறீர்கள்.

அரசாங்கத்தின் அஸ்வெசும நிவாரணப் பட்டியலில் பேர் இல்லை. பக்கத்து லயத்தில் வசதியானவர்களுக்கு இருக்கிறது. யாரைப் போய்க் கேட்பது?

பக்கத்து லயத்தை, அந்த வரிசை வீட்டை, விடுங்கள். (வேறொருவர் தெரிவானதை எதிர்த்து ஆட்சேபனை கொடுக்கவும் அதில் இடம் வைத்திருந்தார்கள். அந்த வசதி ஒரே லயத்தில் எத்தனை அடுப்பங்கரைச் சண்டையைக் கிளப்பியது என்று எனக்குத் தெரியும்.) உங்கள் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

அஸ்வெசும 2023 ஜூலையில் தொடங்கியது. அதற்கு முந்திய சமுர்த்தி நிவாரணக் காலத்தில் யாருக்குக் கொடுப்பது என்பதில் உள்ளூர் ஆட்களின் கை அதிகம் என்று குறை இருந்தது. அதற்குப் பதிலாக வீட்டுக்கு வீடு விவரம் எடுத்து, 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போட்டு, குடும்பங்களை வகைப்படுத்தினார்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு தலைப்பு. வகை நான்கு. ஆரம்பத்தில் மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய். 2025 ஜனவரியிலிருந்து வறிய குடும்பத்துக்கு 10,000, மிகவும் வறிய குடும்பத்துக்கு 17,500. முதல் பட்டியல் வந்ததும் நாடு முழுவதும் இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன.

இப்போது நம் லயத்தை இந்தக் கேள்விகளுக்குள் வைத்துப் பாருங்கள். கல் சுவர், தகரக் கூரை, சிமெந்துத் தரை. படிவத்தில் ‘நிரந்தர வீடு’ என்று விழுந்துவிடும். அது 10 அடி காம்பராவாக (ஒற்றை அறையாக), ஏழு பேர் படுக்கும் இடமாக, வெள்ளைக்காரன் கட்டியதாக இருந்தாலும் சரி. மின்சாரப் பாவனையும் பார்க்கிறார்கள். இரண்டு மூன்று குடும்பம் ஒரே மீட்டரில் எடுத்தால் பில் யார் பேரில் இருக்கிறதோ அவர் தலையில் எல்லா யூனிட்டும் ஏறும். ஒரே காம்பராவில் கல்யாணம் முடித்த இரண்டு பிள்ளைகள் தனித்தனியாகச் சமைக்கிறார்கள் என்றால் அது ஒரு குடும்பமா, மூன்றா? விவரம் எடுக்க வந்தவர் மழைக்குப் பயந்து வாசலில் நின்றபடியே கேட்டிருந்தால், பதில் சொன்னது யார், அவருக்கு என்ன புரிந்தது என்பதே ஒரு கேள்வி. ஒரு கேள்விக்குப் பதில் மாறினால் வகையும் மாறலாம்.

ஆகவே மேன்முறையீட்டில் “நாங்கள் மிகவும் கஷ்டப்பட்ட குடும்பம், தயவுகூர்ந்து” என்று ஒரு பக்கம் எழுதாதீர்கள். கஷ்டம் என்று ஒரு குறிகாட்டி இல்லை. முதலில் உங்கள் வீட்டுக்கு எடுத்த விவரப் படிவத்தின் பிரதியைக் கேளுங்கள். பிறகு எந்தக் கேள்வியில் எந்தப் பதில் பிழை, சரியான பதில் எது, அதற்கு என்ன அத்தாட்சி என்று எழுதுங்கள். மீட்டர் பொது என்றால் அதைச் சொல்லும் தோட்ட ஆபீஸ் கடிதம். நோயாளி இருந்தால் கிளினிக் கொப்பி. குடும்பம் தனி என்றால் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல். மேன்முறையீட்டுக்குத் தவணை அறிவிப்பார்கள். பிரதேச செயலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பஸ்ஸில் கேள்விப்பட்டதை நம்பாதீர்கள்.

அந்தப் பிரதியைக் கேட்டு எப்படி எழுதுவது?

நான் வழக்கமாக எழுதிக் கொடுப்பது இது. பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

“தகவல் அலுவலர் அவர்கட்கு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பின்வருவனவற்றைக் கோருகிறேன். ஒன்று, எனது குடும்பம் தொடர்பாகப் பதிவு செய்யப்பட்ட விவரங்கள் முழுவதினதும் பிரதி, அவை பதியப்பட்ட திகதியுடன். இரண்டு, ஒவ்வொரு விவரத்துக்கும் வழங்கப்பட்ட புள்ளியும் மொத்தப் புள்ளியும். மூன்று, தெரிவாவதற்கு வேண்டிய எல்லைப் புள்ளி. நான்கு, அச்சட்டத்தின் 35 ஆம் பிரிவின்படி எனது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டமைக்கான காரணமும், அம்முடிவை எடுத்த அலுவலரின் பதவியும். இவற்றைத் தமிழ் மொழியில் தரவும்.”

அவ்வளவுதான். கீழே பேர், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர், திகதி, கையெழுத்து. கோபத்தைக் கடிதத்தில் போடாதீர்கள், என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

பதில் சிங்களத்தில் வருகிறது. வாசிக்கத் தெரியாது. என்ன செய்வது?

தமிழில் எழுதினால் தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தரும் உரிமை. நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் இரு மொழியிலும் கருமமாற்ற வேண்டும் என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. முறையிட 1956 என்ற இலக்கம் இருக்கிறது. தனிச் சிங்களச் சட்டம் வந்த வருடம் ஞாபகமிருந்தால் இலக்கமும் ஞாபகமிருக்கும்.

ஆனால் தவணை ஓடிக்கொண்டிருக்கும்போது மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்காதீர்கள். யாரையாவது வைத்து வாசித்து மேன்முறையீட்டைப் போட்டுவிட்டு, பிறகு மொழிக்குச் சண்டை போடுங்கள்.

லீசிங் கேட்டேன். ‘கிரிப்ல பேர் இருக்கு’ என்று சொல்லிவிட்டார்கள். கிரிப் என்னைக் கறுப்புப் பட்டியலில் போட்டுவிட்டதா?

கிரிப் என்பது கடன் தகவல் பணியகம். 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. அங்கே கறுப்புப் பட்டியல் என்று ஒன்று இல்லை. ஒரு முறையாவது வங்கியில் கடன் எடுத்த எல்லாருடைய பேரும் அங்கே இருக்கும், ஒழுங்காகக் கட்டியவர் பேரும் சேர்த்து. வங்கிகள் அனுப்புவதை அது சேர்த்து வைக்கிறது. கடன் தருவதும் மறுப்பதும் வங்கியின் முடிவு. “கிரிப்ல விழுந்திருக்கு” என்று ஒரு வங்கி சொன்னால், வேறொரு வங்கி உங்களைப் பற்றி எழுதியதைத் தன் கணக்கில் போட்டுப் பார்த்து இந்த வங்கி மறுத்திருக்கிறது என்று அர்த்தம்.

எனக்கே நடந்தது. த்ரீவீல் ஒன்றுக்கு ஒரு நிதிக் கம்பனியில் விண்ணப்பித்தேன். கவுன்டரில் இருந்த தங்கச்சி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, “சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணுது அண்ணே” என்றார். ஏன் என்றேன். “அது எங்களுக்கும் தெரியாது அண்ணே.” பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்காது.

என்னுடைய கிரிப் அறிக்கையை நானே எடுத்தேன். தன் அறிக்கையைத் தானே எடுக்க யாருக்கும் வழியுண்டு, அடையாள அட்டை வேண்டும், கட்டணம் உண்டு. அதில் வரிசையாகக் கடன்கள். ஆறு வருடத்துக்கு முன் வேறொரு கம்பனியில் போன் வாங்க எடுத்த சின்னக் கடனில் 4,300 ரூபாய் பாக்கி என்று இருந்தது. அதை முடித்துவிட்டேன் என்பது எனக்குத் தெரியும், ஆனால் எனக்குத் தெரிந்தது போதுமா? ரசீது வேண்டுமே. அம்மா பால்மா டின்னைக் கொட்டினார். பிறப்புச் சான்றிதழ், தாத்தாவின் பழைய கடதாசிகள், என் பத்தாம் வகுப்பு ரிப்போர்ட், அதற்கெல்லாம் அடியில் மஞ்சளாகிப் போன ரசீது. கடைசித் தவணையைக் கட்டியிருக்கிறேன். அவர்கள் பதியவில்லை.

பிழையைத் திருத்தக் கேட்க வேண்டியது அதை அனுப்பிய கம்பனியிடம். ரசீதின் பிரதியோடு பதிவுத் தபாலில் எழுதினேன். அசையவில்லை. இரண்டாவது கடிதத்தில் மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கும் பிரதி என்று அடியில் ஒரு வரி போட்டேன். ஒரு கிழமையில் போன் வந்தது. அந்தத் திணைக்களத்தின் இலக்கம் 1935. அங்கே முறையிடும் முன் வங்கிக்கோ கம்பனிக்கோ எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். நிதி ஒம்புட்ஸ்மன் அலுவலகம் என்று இன்னொரு வாசலும் உண்டு.

தனியார் வங்கிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் செல்லாது. அரச வங்கிக்குச் செல்லும். அரசாங்கத்திடம் 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு உள்ள கம்பனிக்கும் செல்லும். தோட்டங்களிலும் இதே வித்தியாசம்: அரசாங்கத்தின் ஜனவசம தோட்டம் என்றால் கேட்கலாம், தனியார் கம்பனித் தோட்டம் என்றால் தொழில் திணைக்களத்தின் வழியாகத்தான் போக வேண்டும்.

வெளிநாடுகளில் இதை யாராவது எதிர்த்து வென்றிருக்கிறார்களா?

நிறைய. நம் ஆட்களுக்கு உடனே புரிவது ஆஸ்திரேலியாக் கதை. அங்கே உதவிப் பணம் வாங்குகிறவர்களின் வருட வருமானத்தை எடுத்து, 26 இரு வாரங்களால் பிரித்து, ஒவ்வொரு இரு வாரத்திலும் அவர் அவ்வளவு உழைத்தார் என்று கணினி எடுத்துக்கொண்டது. அந்தக் கணக்கில் ‘நீங்கள் அதிகம் வாங்கிவிட்டீர்கள், திருப்பிக் கட்டுங்கள்’ என்று கடிதம் போனது. தோட்டத்தில் வேலை செய்கிறவருக்கு இதில் உள்ள பைத்தியக்காரத்தனம் விளங்கும். கொழுந்து தள்ளும் மாதமும் வெயிலில் மலை காய்ந்த மாதமும் ஒன்றா? ‘ரோபோடெட்’ என்று பேர் வாங்கிய அந்தத் திட்டத்தை 2019 இல் நீதிமன்றத்தில் வீழ்த்தினார்கள். 2020 மே மாதம், 470,000 கடன்களுக்கு 721 மில்லியன் டொலரைத் திருப்பிக் கொடுப்பதாக அந்த அரசாங்கம் அறிவித்தது. 2023 ஜூலையில் விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கையும் வந்தது.

ஐரோப்பாவில் சட்டம் இறுக்கம். 2023 டிசம்பர் 7 இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஜெர்மன் கடன் மதிப்பீட்டு நிறுவனமான ஷூஃபாவின் விஷயத்தில் ஒன்று சொன்னது. வங்கி அந்தப் புள்ளியை வைத்தே பெரும்பாலும் முடிவெடுக்கிறது என்றால், புள்ளி போடுவதே தன்னியக்க முடிவுதான் என்று. “நாங்கள் புள்ளி மட்டும்தான் போட்டோம், முடிவு வங்கியுடையது”, “நாங்கள் முடிவு மட்டும்தான் எடுத்தோம், புள்ளி அவர்களுடையது” என்று ஆளுக்காள் கைகாட்டும் விளையாட்டை அது நிறுத்தியது. 2025 பெப்ரவரி 27 இல் இன்னொரு தீர்ப்பு: மாதம் 10 யூரோ போன் இணைப்பு மறுக்கப்பட்ட ஒஸ்திரியாக்காரர் ஒருவருக்கு, எந்த விவரம் எப்படிப் பயன்பட்டது என்று விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும், வெறும் சூத்திரத்தை நீட்டினால் போதாது என்று. 10 யூரோதானே என்று அவர் விட்டுவிடவில்லை. அந்தத் தீர்ப்புகள் இங்கே செல்லாது, ஆனால் கடிதத்தில் என்ன கேட்கலாம் என்பதற்கு நல்ல முன்மாதிரி.

வெளிநாட்டை விடுங்கள். இங்கே ஒரு கணக்கு முறையை யாராவது தோற்கடித்திருக்கிறார்களா?

இசட் புள்ளி, பல்கலைக்கழகத்துக்குத் தெரிவு செய்யப் பார்க்கும் புள்ளி. 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டக்காரரும் புதிய பாடத்திட்டக்காரரும் எழுதினார்கள். இரண்டு தாளும் வேறு, எழுதிய கூட்டமும் வேறு. ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டு இசட் புள்ளி கணித்தார்கள். மாணவர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2012 ஜூனில் அந்தப் புள்ளிகளை ரத்துச் செய்து, இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனியாகக் கணிக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. கூட்டல் கழித்தலில் யாரும் பிழை விடவில்லை. விதி பிழை என்பதுதான் வழக்கு. ‘கணக்கு சரியாத்தானே வந்திருக்கு’ என்று யாராவது உங்களை அடக்கினால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

நீதிமன்றம் வரை போக வேண்டிய நிலை வந்தால்?

அரச நிறுவனம் ஒன்று சமமாக நடத்தவில்லை என்றால் அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனு, உயர் நீதிமன்றத்தில். தவணை ஒரு மாதம். மலையகத்தில் பலர் தோற்பது நியாயத்தில் அல்ல, இந்த ஒரு மாதத்தில். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தத் தவணையில் சேராது. கண்டியிலும் பதுளையிலும் ஆணைக்குழுவின் அலுவலகம் உண்டு. சட்டத்தரணிக்குக் கட்ட வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

பேர் மாறிக் கிடக்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், ஐடென்டியில் ஒரு பேர். அதனால்தான் கணினி ‘இல்லை’ என்கிறதா?

பெரும்பாலும் அதுதான். தோட்டத்தில் லெட்சுமி, பதிவாளர் எழுதியது லக்ஷ்மி, ஆங்கிலத்தில் எழுதினால் மூன்று விதம். அப்பாவின் பேர் முன்னாலா பின்னாலா என்பதும் ஆளுக்கு ஆள் வேறு. மனிதர் ஒருவர் பார்த்தால் ஒரே ஆள் என்று சொல்லிவிடுவார். மெஷினுக்கு ஒரு எழுத்து மாறினால் வேறு ஆள்.

இலக்கமும் அப்படித்தான். பழைய அட்டையில் 9 எண்ணும் ஓர் எழுத்தும். புதியதில் 12 எண். பழைய எண்ணுக்கு முன்னால் 19 சேரும், முதல் ஐந்து எண்ணுக்குப் பிறகு ஒரு 0 சேரும், கடைசி எழுத்து போய்விடும். பெண்களுக்குப் பிறந்த நாளின் எண்ணோடு 500 கூட்டியிருக்கும். ஓர் இடத்தில் பழையதும் இன்னோர் இடத்தில் புதியதும் பதிந்திருந்தால் நீங்கள் இரண்டு பேர். எங்கே போனாலும் இரண்டு இலக்கத்தையும் எழுதிக் கொடுங்கள்.

பிக்மீ (வாடகை வண்டிச் செயலி), பேஸ்புக் எக்கவுண்டைத் திடீரென்று பூட்டிவிட்டார்கள். அதுக்கும் எழுதித் தருவீர்களா?

எழுதித் தருவேன். முதலில் செயலிக்குள்ளேயே இருக்கும் மேன்முறையீட்டு பட்டனை அழுத்தி, திரையைப் படம் பிடித்து வையுங்கள். பூட்டிய பிறகு உள்ளே போக முடியாது என்பதால், ஓடுகிற தம்பிமார் கிழமைக்கு ஒருமுறை வருமானக் கணக்கையும் வாடிக்கையாளர் புள்ளியையும் படம் பிடித்து வைப்பது நல்லது. கலண்டர் தாள் அக்கா செய்த அதே வேலைதான்.

மேன்முறையீடு போட்டேன். பதிலே வரவில்லை.

வந்திருக்கலாம், உங்களுக்கு வந்து சேரவில்லை. லயத்துக்கு இலக்கம் இல்லை, தோட்டத்தின் பேர்தான் முகவரி. கடிதம் தோட்ட ஆபீசில் இறங்கி, அங்கே ஒரு பெட்டியில் கிடந்து, யாராவது அந்தப் பக்கம் போனால் கைக்கு வரும். அதற்குள் 14 நாள் ஓடிவிடும். நான் இப்போது எல்லாக் கடிதத்திலும் போன் நம்பரும், முடிந்தால் மின்னஞ்சலும் போடுகிறேன். சிலர் டவுனில் உள்ள கடையின் முகவரியைக் கொடுக்கிறார்கள். எங்கள் கடை முகவரியையும் கொடுக்கலாம், வந்தால் போன் எடுத்துச் சொல்கிறேன். அனுப்புவது பதிவுத் தபாலில். அந்தச் சின்னத் துண்டை எறிந்துவிடாதீர்கள்.

இதற்கெல்லாம் எவ்வளவு எடுப்பீர்கள்?

கடிதத்துக்குக் காசில்லை. போட்டோ கொப்பிக்கும் முத்திரைக்கும் மட்டும். ஞாயிறு பின்னேரம் கடை பூட்டு. வரும்போது எந்தக் கடதாசி தேவைப்படும் என்று யோசித்துத் தேடி எடுத்துக்கொண்டு வராதீர்கள், பால்மா டின்னை அப்படியே கொண்டு வாருங்கள்.